ஊழியர் எண்ணிக்கை: ஒன்று

அந்தேரி அலுவலகத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
மாதாமாதம் பி.எஃப். பிடித்துப்
பதினைந்தாம் தேதிக்குள் கட்டுகிறவள் நான்.
ஒருநாள் தாமதத்துக்கு என்ன வட்டியென்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

செம்பூரில் வீடு.
இங்கே ஒருத்திதான்.
வனிதா கெய்க்வாட், வயது நாற்பத்து மூன்று.
கோவண்டியிலிருந்து ஏழரைக்கு வந்து
சாரநாதனின் அசையாத வலது பாதியைத்
தூக்கி உட்காரவைக்கிறாள்.
அசைகிற பாதி திட்டும். அதையும் வாங்கிக்கொள்கிறாள்.

ஏஜென்சி வழியாக வந்தபோது
நான் கொடுத்தது இருபத்து நான்காயிரம்,
அவள் கைக்குப் போனது பதினைந்து.
நடுவில் போன ஒன்பதை
எந்தப் பேரேட்டிலும் நேர்செய்ய முடியவில்லை.
ஏஜென்சியை நிறுத்தினேன்.
முழுசும் உனக்கே என்றேன்.
நல்லவள்தான் நான் என்று
ஐந்து வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் குளியலறையில் அவர் சரிந்தார்.
அவள் அடியில் போய்த் தாங்கினாள்.
அவருக்கு ஒரு கீறல் இல்லை.
அவள் மணிக்கட்டில்
முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்.

மாநகராட்சி ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, மாவுக்கட்டு.
திரும்பும் ஆட்டோவில் அவள் கேட்டது ஒன்றுதான்:
“நாளைக்கு யார் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது?”
சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்காததுதான் வீடுவரை கூடவே வந்தது.

அலுவலகமென்றால் விபத்துக்கு ஒரு படிவம் உண்டு.
எங்கள் சமையலறையில் இருந்ததோ
பால் கணக்கு எழுதும் காலண்டர்.

இரவு பதினொன்றுக்கு இணையதளத்தைத் திறந்தேன்.
நிறுவனத்தின் பெயர்?
கடையா, தொழிற்சாலையா?
ஊழியர் எண்ணிக்கை?
ஒன்று என்று தட்டிவிட்டு
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
பத்துப் பேர் இல்லாமல் இ.எஸ்.ஐ. இல்லை,
வீடு என்பது நிறுவனம் இல்லை.
போனில் எத்தனை பேருக்கு இதை நானே சொல்லியிருப்பேன்,
நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

ஓய்வூதியத் திட்டம் ஒன்று இருந்தது.
நாற்பது வயதுக்குள் சேர வேண்டுமாம்.
அந்த நாற்பது வயதில் அவள்
வேறு யாருடைய மாமனாரையோ
புரட்டிக்கொண்டிருந்தாள், காலண்டர்கூட இல்லாமல்.

மிஞ்சியது வங்கியின் விபத்துக் காப்பீடு.
வருஷத்துக்கு இருபது ரூபாய்,
ஸ்டேஷன் வாசலில் ஒரு வடாபாவ்.
உயிர் போனால் இரண்டு லட்சம்.
ஒரு கை போனால் ஒரு லட்சம்.
ஒடிந்து ஒட்டிக்கொள்ளும் மணிக்கட்டுக்கு
ஒன்றுமில்லை.

மருத்துவக் காப்பீட்டுக்காரன் போனில் கேட்டான்:
“உங்களுக்கு என்ன உறவு, மேடம்?”
பட்டியலில் மனைவி, மகன், தாய், தந்தை எல்லாம் உண்டாம்,
வேலைக்காரி இல்லையாம்.
“சிஸ்டர்னு போட்டுடலாமா?”
அவள் என்னை ‘தாயீ’ என்றுதான் கூப்பிடுகிறாள்,
மராத்தியில் அக்கா.
இருந்தும் வேண்டாமென்றேன்.
பொய் எழுதித்தான் அவளுக்கு இடம் கிடைக்குமென்றால்
இத்தனை வருஷம் நான் நிரப்பிய கட்டங்கள் எதற்கு?
பாலிசி அவள் பெயரிலேயே, பணம் என்னுடையது.

அதற்கு வருமானச் சான்று வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை ரூல் போட்டு எழுதினேன்,
அவளுடைய முதல் சம்பளச் சீட்டு.
அடிப்படை: இருபத்து நான்காயிரம்.
விடுப்பு: ஆறு வாரம், சம்பளத்துடன்.
பிடித்தம்: இல்லை.
தாளை இரண்டு முறை மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.
“அதை இங்கேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும்” என்றேன்.
நகல் எடுத்துவரக் கீழே போனோம்.

இருபது ரூபாய்ப் படிவம் மட்டும்
வங்கியிலிருந்து திரும்பிவந்தது.
கையெழுத்து ஒத்துப்போகவில்லை.
வலது கை கட்டில்; அவள் போட்டது இடது கை.

விடுப்பு என்று சொல்லியும்
நான்காம் வாரமே வந்துவிட்டாள்.
மாற்றாள் அவரைத் தூக்குவது சரியில்லையாம்.
மதியம் சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே,
நான்கு கோடு நோட்டு ஆளுக்கொன்று.
பிசியோ சொன்னபடி அவர் இடது கையால்
‘சா’ என்று எழுதுகிறார், கால் நீண்டு
அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.
அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு
‘வ’வின் வளைவைச் சுற்றுகிறாள், அவள் எழுத்தில்.

அவர் எட்டிப் பார்த்து
வராத வாயால் ஏதோ சொன்னார்.
எனக்குப் புரியவில்லை.
அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து
அழித்துவிட்டு
மறுபடி ஆரம்பித்தாள்.